கப்பல் கட்டினவனின் பெண்சாதி

மகன்,

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே. கோபம் செவ்வாய்க்கிழமை இருந்தது. இன்றைக்கு வெள்ளி. இடையில் பள்ளிக்கூடச் சமையலறையில் நின்று கிழங்கு மசித்ததில் அது கரைந்துபோய், இப்போது மிச்சம் இருப்பது களைப்பு மட்டும்தான். ரெலிபோனில் சொல்லியிருக்கலாம். ஆனால் ரெலிபோனில் நீ "ஓம் அம்மா, ஓம் அம்மா" என்று சொல்லிக்கொண்டே வேறு எதையோ வாசித்துக்கொண்டிருப்பாய்; எனக்குத் தாள் புரளும் சத்தம் கேட்கும். ஐந்நூறு, அறுநூறு வருசத்துக்கு முந்தின வெள்ளைக்காரரின் கிறுக்கல் எல்லாம் உனக்கு விளங்குகிறது. அம்மாவின் கையெழுத்து விளங்காமலா போகும்? ஆறுதலாக இருந்து வாசி.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வரும்போது அப்பர் டூட்டிங் வீதியில் எங்கள் வழமையான கடைக்குள் போனேன். முருங்கைக்காய் வந்திருந்தது. நான் ஒவ்வொன்றாய் முறுக்கிப் பார்த்து எடுத்துக்கொண்டிருக்கிறேன், கடைக்காரப் பெண் கேட்கிறாள்.

"என்ன அக்கா, வடக்கை போறியளாம்?"

"வடக்கையோ? ஆர் போறது?"

"நீங்கள்தான்! உங்கட மகன் போன கிழமை வந்து, வாற கிழமைச் சனிக்கிழமை வான் கொண்டு வந்து அம்மாவை ஏத்தப் போறன், வெறும் பெட்டியள் இருந்தா எடுத்து வையுங்கோ எண்டு சொன்னவர். மீன் ரின் வந்த பெட்டி மணக்கும். நான் பிஸ்கற் பெட்டியளா வைச்சிருக்கிறன்."

நான் என்ன சொல்ல? "ஓம், பாப்பம்" என்றேன். என் சொந்தப் பயணம் எனக்கே தெரியாது என்று அந்தப் பிள்ளைக்குக் காட்ட வெட்கமாக இருந்தது. முருங்கைக்காயை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன். அதுவும் நல்ல பிஞ்சு.

வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் உன் பெண்சாதிக்கு ரெலிபோன் அடித்தேன். வாணி பாவம், பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. நான் ஒன்று கேட்க அவள் ஒன்பது சொன்னாள். உனக்கு வட இங்கிலாந்தில் அந்தப் பட்டினத்து யூனிவர்சிட்டியில் வேலை நிரந்தரமானது எனக்குத் தெரியும். நீங்கள் வீடு வாங்கியதும் தெரியும். ஆனால் கீழ் அறை எனக்கென்று வெளிர்நீலம் பூசியாகிவிட்டதாம். சாமித்தட்டு அடித்தாகிவிட்டதாம். அங்கத்தைய டொக்டரிடம் என் பெயர் பதிந்தாகிவிட்டதாம். நான் வாடகைக்கு இருக்கிற இந்த வீட்டைக் கவுன்சிலுக்குத் திருப்பிக் கொடுக்கிற கடிதமும் ஆயத்தமாம். நான் கையெழுத்துப் போட்டால் மட்டும் போதுமாம். "உங்களுக்கு ஒரு சந்தோசமா இருக்கட்டும் எண்டுதான் மாமி சொல்லாமல் வைச்சிருந்தவர். முதலே சொன்னா யோசிச்சு யோசிச்சுப் பிறசர் ஏத்திப்போடுவா எண்டவர்" என்றாள். இதற்காக நீ அவளை ஏசக்கூடாது, சொல்லிப்போட்டேன்.

நீ கெட்ட பிள்ளை என்று நான் எழுத வரவில்லை. தனியே இருக்கிற தாயைக் கூட்டிக்கொண்டு போய் வைத்துப் பார்க்க நினைக்கிற பிள்ளை எத்தனை பேருக்குக் கிடைக்கும்? விம்பிள்டன் கோயிலில் என் வயதுப் பெண்கள் இதைக் கேட்டால் கண்ணூறு போட்டுவிடுவார்கள். ஆனால் மகன், ஆறுதலாக இருந்து யோசித்துப் பார். இந்தக் கதை உனக்கு எங்கேயோ கேட்ட கதை மாதிரி இல்லையா? எனக்கு அதைச் சொல்லித் தந்ததே நீதான்.

எங்கள் வீட்டில் இப்படிச் சொல்லாமல் கட்டுகிற கப்பல் இது இரண்டாவது. முதல் கப்பலை உன் அப்பா கட்டினார். எண்பத்து நாலாம் ஆண்டு, உனக்குப் பன்னிரண்டு வயது. நான் அப்போது ஊரில் ரீச்சர். உன் பள்ளிக்கூடக் காற்சட்டையை வாங்கத் தையற்கடைக்குப் போனேன். தையற்காரர் வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டே, "ரீச்சர், தம்பியின்ரை கோட்டுக்கு உள்துணி வைக்கட்டோ? லண்டன் நல்ல குளிராம்" என்றார். எந்தக் கோட்டு? எந்த லண்டன்? என் முகத்தைப் பார்த்த பிறகுதான் அந்த மனிதருக்கு விளங்கியது. குண்டூசியை விழுங்காதது அவர் செய்த புண்ணியம். உன் அப்பா மாதக்கணக்காக எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தியிருந்தார். பாஸ்போட், ரிக்கற், கொழும்பில் தங்க இடம், உனக்குக் கோட்டு. "உனக்குச் சொன்னாப் பயப்பிடுவாய் எண்டுதான் சொல்லேல்லை. இப்பவும் வாயைத் திறக்காதை, கதை வெளியிலை போகக்கூடாது" என்றார். இளம்பொடியன்களை ஆமி பிடித்துக்கொண்டு போன காலம் அது, மறுக்கவில்லை. உன்னை மாதிரி வளர்ந்துவருகிற ஆண்பிள்ளையை வைத்துக்கொண்டு அவர் பயந்தது நியாயம். ஆனால் என்னோடு ஒரே மேசையில் இருந்து படிப்பித்த செல்வராணியின் குடை என்னிடம் இருந்தது. பள்ளிக்கூட நேரம் பார்த்து, அவள் வீட்டில் இல்லாதபோது, குடையை அவளுடைய வாசற் படலையில் கொளுவிவிட்டு வந்தேன். போய்வாறன் என்று ஒரு சொல் சொல்லவில்லை. பிறகு சண்டையில் ஊரே இடம்பெயர்ந்தபோது அவள் எந்தப் பக்கம் போனாள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. எழுதின கடிதங்கள் திரும்பி வந்தன.

லண்டனுக்கு வந்த முதல் குளிர்காலம் நீ சிரிக்கவில்லை. அதை நீ மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை. பள்ளிக்கூடத்தால் வருவாய், சாப்பிடுவாய், சுவரைப் பார்த்துக்கொண்டு படுப்பாய். கேட்டால் "ஒண்டுமில்லை." பிறகு ஒருநாள் உங்கள் வகுப்பைப் பஸ்ஸில் ஏற்றி ஏதோ ஒரு பழைய பேராலயத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். நான் பத்து ரொட்டி சுற்றித் தந்தேன். பின்னேரம் கதவைத் திறந்தால் நீ மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறாய். "அம்மா! சாமி கும்பிடுற இடத்திலை, சாமியார்மார் இருக்கிற கதிரையைத் தூக்கிப் பாத்தா, கீழை மரத்திலை ஒரு மனிசி புருசனுக்கு அகப்பையாலை அடிக்கிறா!" அந்தக் காலத்துத் துறவிகள் மணிக்கணக்காக நின்று பிரார்த்தனை செய்யவேண்டுமாம், கால் நோகாமல் சற்றுச் சாய்ந்துகொள்ள, மடக்கின இருக்கைக்குக் கீழே ஒரு சிறு தாங்கு செதுக்கியிருப்பார்களாம். அந்தத் தாங்குக்குக் கீழே தச்சன் தன் மனம்போனபடி செதுக்கியிருக்கிறான். நரி பிரசங்கம் செய்கிறது, பன்றி குழல் ஊதுகிறது, பெண்சாதி புருசனுக்குப் போடுகிறாள். நீ அகப்பையை எடுத்து அப்பாவுக்குச் செய்து காட்டினாய். காட்டிக்கொண்டே சிரித்தாய். உன் அப்பா எழும்பிக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே வரும்போது கண் சிவந்திருந்தது. அந்தத் தச்சனுக்கு நான் இன்றைக்கும் கடமைப்பட்டவள்.

அதனால்தான் நீ வளர்ந்து, டொக்டரும் வேண்டாம் எஞ்சினியரும் வேண்டாம், இங்கிலாந்தின் பழைய கூத்துகளைப் படிக்கப்போகிறேன் என்றபோது நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. சனம் சொன்னது. கோயிலில் ஒருவர் அப்பாவிடம், "மகன் என்ன படிக்கிறார்?" "இங்கிலீஷ்." "அதுதான் அவருக்குத் தெரியுமே, பிறகேன் படிக்கிறார்?" அப்பா வீடுவரை சிரித்துக்கொண்டே வந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த கிழமை அதே ஆள் கேட்டபோது நீ சட்டம் படிப்பதாகச் சொல்லிவிட்டேன். இப்போது சொல்லிவிட்டேன், விடு.

படிக்கத் தொடங்கிய பிறகு சமையலறைக்குள் வந்து நின்று நீ சொன்ன கதைகளைக் கேட்டுத்தான் நான் எத்தனை கறி கருக்கினேன்! அந்தக் காலத்துப் பட்டினங்களில் கோடைத் திருநாளன்று உலகம் தோன்றியது தொடக்கம் அழியும் மட்டும் உள்ள கதைகளைச் சில்லு வைத்த மேடைகளில் ஆடுவார்களாம். சனம் நின்ற இடத்தில் நிற்க, மேடைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெருத் தெருவாய் வருமாம். ஒவ்வொரு கதையும் ஒவ்வொரு தொழிலாளர் கூட்டத்துக்கு உரிமையாம். ரொட்டி சுடுகிறவர்களுக்குக் கடைசி விருந்து. ஆணி செய்கிறவர்களுக்குச் சிலுவை. மரக்கலம் செய்கிறவர்களுக்கு ஊழிவெள்ளம். "இதென்ன பெரிய புதினமோ, எங்கடை கோயில் திருவிழாவிலை ஒவ்வொரு நாளும் ஒவ்வொருத்தரின்ரை உபயம்தானே" என்றேன். நீ கரண்டியை என் கையிலிருந்து பறித்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தாய். பெண் வேசத்தை அங்கேயும் ஆண்கள்தான் கட்டுவார்களாம். எங்கள் கூத்திலும் அதுதானே.

அந்த வெள்ளக் கதையில் வருகிற கப்பல் கட்டினவனின் பெண்சாதியைப் பற்றி அப்போதுதான் சொன்னாய். வேதப் புத்தகத்தில் அவளுக்குப் பெயர்கூட இல்லை, வாயும் இல்லை. ஆனால் கூத்துக் கட்டின சனம் அவளுக்கு ஒரு வாய் வைத்து விட்டது. கடவுள் கிழவனிடம் சொல்கிறார்: வெள்ளம் வருகிறது, மரக்கலம் கட்டு. அவன் நூறு வருசமாகக் கட்டுகிறான். கட்டி முடித்து, மிருகம் பறவை எல்லாம் சோடி சோடியாய் ஏறின பிறகு வந்து பெண்சாதியைக் கூப்பிடுகிறான், ஏறு என்று. அவள் மாட்டேன் என்கிறாள். ஒரு பட்டினத்துக் கூத்தில் நூல் நூற்று முடியாமல் வரமாட்டாள். இன்னொன்றில் தன்னோடு கூடியிருந்து குடித்துச் சிரித்த தோழிகளையும் ஏற்று என்கிறாள். வேறொன்றில், இத்தனை காலமும் எனக்கு ஏன் மறைத்தாய் என்று கேட்கிறாள். கடைசியில் பிள்ளைகள் அவளைத் தூக்கி ஏற்றுகிறார்கள். ஏறின கையோடு புருசனுக்கு ஒரு அறை. சனம் விழுந்து விழுந்து சிரிக்கும் என்றாய். நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். "பண்டிக்கும் கழுதைக்கும் சொல்லிப்போட்டுத்தானே அவளுக்குச் சொல்லியிருக்கிறான்" என்றேன். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்று நீ கேட்கவில்லை.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டுக் கோடையில் எங்கள் தெருமுனைத் தேவாலய வளவில் நீ அந்தக் கூத்தைப் போட்டாய். பழைய முறைப்படி தொழில் செய்கிறவர்களே ஆடவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாய். கப்பல் கட்டும் கிழவனாகக் கென், எங்கள் பகுதிக்கெல்லாம் பொயிலர் திருத்துகிறவர். மரக்கலம் ஒரு பால்வண்டி. விடியற்காலையில் பால்போத்தல் கொண்டுவருமே, அந்தக் கரண்ட் வண்டி. பள்ளிக்கூடப் பிள்ளைகள் நீலச்சீலையை இரண்டு பக்கமும் பிடித்து ஆட்டினால் அது வெள்ளம். பெண்சாதியாக ஆட இருந்த முடிவெட்டுகிற கடைப் பெண் இரண்டு நாளுக்கு முன்னால் கணுக்காலை முறித்துக்கொண்டாள். நீ தலையில் கைவைத்துக்கொண்டு வந்தாய். "அம்மா, நீங்கள்தான் ஏலும். முந்நூறு பிள்ளையளுக்குக் கேக்கக் கத்துற குரல் ஆருக்கு இருக்கு?" அந்தப் பழைய இங்கிலீஷை நீ தமிழ் எழுத்தில் எழுதித் தர, அர்த்தம் பாதி தெரியாமல் தேவாரம் பாடமாக்குகிற மாதிரிப் பாடமாக்கினேன். தோழிகளாக வர ஆள் வேண்டும் என்றபோது கீழ்வீட்டுப் பரிமளம், "குடிச்சுப்போட்டுச் சத்தம் போடுறதுதானே, அதுக்கேன் ஒத்திகை?" என்று வந்துவிட்டாள்.

அன்றைக்கு நடந்தது உனக்குத் தெரியும். ஆனால் நீ வண்டிக்குப் பின்னால் நின்றாய்; நான் மேடைக்கு முன்னால் நின்றேன். இரண்டுதரம் மாட்டேன் என்றேன், எழுதினபடி. மூன்றாந்தரம் கென் தாடியைத் தடவிக்கொண்டு கையை நீட்டி, ஏறு என்றபோது பாடமாக்கினது எல்லாம் எங்கேயோ போய்விட்டது. வாயைத் திறந்தால் தமிழ் வருகிறது. "இவ்வளவு காலமும் கட்டினனீ, ஒரு சொல்லு சொன்னனியோ? ஊரெல்லாம் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது! செல்வராணிக்குப் போய்வாறன் எண்டு சொல்லக்கூட விட்டனியோ?" சனம் கைதட்டிச் சிரிக்கிறது. கென் நல்ல மனிதர், ஒன்றும் விளங்காமலே தன் வரியைச் சரியாகச் சொன்னார். உன் தோழர்கள் என்னைத் தூக்கி ஏற்றினார்கள். நான் கொடுத்த அறையில் அவருடைய தாடி பறந்து பால்வண்டிக்குக் கீழே போனது. கீழே நின்ற பரிமளம் நீலச்சீலைக்குள் விழுந்து, கையைக் காலை அடித்து நீந்தத் தொடங்க, தேவாலய வளவே சிரிப்பில் உருண்டது. நீ ஓடிவந்து, "அம்மா, அதுதான் அம்மா! அப்பிடித்தான் அந்தக் காலத்திலை ஆடியிருப்பினம்!" என்றாய். உன் முகத்தில் அவ்வளவு சந்தோசம். நான் அதைக் கெடுக்கவில்லை.

சிரிக்காத ஒரே ஆள் இரண்டாம் வரிசையில் இருந்தார். உன் அப்பாவுக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு கால் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கூத்து முடிந்து நடந்து வந்தோம். என் உடுப்புப் பையை அவர் வாங்கித் தூக்கிக்கொண்டார். அவர் வழக்கத்தில் பை தூக்குகிற ஆள் இல்லை. பஸ் தரிப்பு, மருந்துக்கடை, தபாற்கந்தோர் எல்லாம் கடந்தோம். வீட்டு வாசலில் கதவுத் திறப்பைத் தேடும்போது கேட்டார்.

"கை நோகுதோ?"

"இல்லை" என்றேன்.

"நல்லாத்தான் அடிச்சனீ" என்றார். அவ்வளவுதான். பதினொரு வருசக் கதையை நாங்கள் பேசி முடித்தது அவ்வளவில்தான். அடுத்த வருசம் அவர் போய்விட்டார். செத்தவீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் அவர் எவ்வளவு நல்லவர், குடும்பத்துக்காக எவ்வளவு செய்தார் என்று சொன்னார்கள். உண்மை. எல்லாம் செய்தார். கேட்கமட்டும் இல்லை. அவர்மேல் எனக்கு இப்போது ஒரு வருத்தமும் இல்லை, மகன். ஆனால் அவர் விட்ட இடத்தில் நீ ஏன் தொடங்குகிறாய்? அந்தக் கூத்தை வரிவரியாகப் படித்து, அதற்கு ஒரு பட்டமும் வாங்கி, அதை வைத்துத்தானே இப்போது அங்கே படிப்பிக்கவும் போயிருக்கிறாய்? படித்தது எல்லாம் வகுப்புக்குத்தானா, வீட்டுக்கு இல்லையா?

புதன்கிழமை பரிமளத்திடம் போனேன். அவளுக்கு இப்போது சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன என்பது உனக்குத் தெரியும். ஒருநாள் விட்டு ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போய் மெசினில் இரத்தம் சுத்திகரித்துக்கொண்டு வருகிறாள். வந்த அன்று எழும்பமாட்டாள். நான் கஞ்சி கொண்டுபோய் வைத்து, அவள் காலைத் தடவிவிட்டு, ரீவியில் ஓடுகிற நாடகத்துக்கு இரண்டு பேரும் சேர்ந்து பேச்சுக் கொடுப்போம். அவளுக்கு இங்கே பிள்ளை குட்டி இல்லை. கதவைத் திறந்தவுடனேயே கேட்டேன்.

"உனக்குத் தெரியுமோ?"

"தெரியும்."

"எப்ப தொடக்கம்?"

"தீபாவளிக்கு முதலே. தம்பி வந்து இதிலைதான் இருந்தவன். அன்ரி, அம்மாவின்ரை மனதை மெல்ல மெல்லத் திருப்பிவிடுங்கோ எண்டவன்."

"நீ திருப்பினியோ?"

"திருப்புறதுக்கு நீ என்ன தோசையே?"

எனக்கு வந்த கோபத்தில் கஞ்சிக் கோப்பையை மேசையில் அடித்து வைத்தேன். "என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே!" என்று கத்தினேன். அவள் கோப்பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு, "சொன்னா நீ எனக்காக நிண்டிடுவாய். பிறகு உன்ரை மகன் என்னைக் காணுற நேரமெல்லாம், இந்த மனிசியாலைதான் அம்மா வரேல்லை எண்டு பாப்பான். எனக்கு அது வேண்டாம்" என்றாள். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். களைத்துப்போன இரண்டு கிழடுகள் ஒரு கோப்பைக் கஞ்சிக்கு இரண்டு பக்கமும் இருந்து அழுதால் பார்க்கச் சகிக்காது, மகன். நல்லவேளை ஒருவரும் பார்க்கவில்லை.

இந்தக் கடிதத்தை நான் முதலில் வேறு மாதிரித்தான் முடித்து வைத்திருந்தேன். கூத்தில் அவள் தோழிகளையும் ஏற்றச் சொன்னாளே, அதை நினைத்து, "அந்த நீல அறையில் இன்னொரு கட்டில் போட இடம் இருக்கிறதா, அளந்து பார்த்துச் சொல், பரிமளமும் வருவாள், அங்கேயும் ஆஸ்பத்திரி இருக்கும்தானே" என்று எழுதினேன். எழுதி, எனக்கே என் கெட்டித்தனம் பிடித்து, தேத்தண்ணி வைக்க எழும்பினேன். கேத்தில் கொதிக்கும்போதுதான் மண்டையில் அடித்த மாதிரி இருந்தது. அவளைக் கேட்டேனா? நானும் ஒரு பலகையைத் தூக்கிக்கொண்டு கப்பல் கட்டத் தொடங்கிவிட்டேன். எவ்வளவு சுகமாக வருகிறது பார்! கேத்திலை நிறுத்திவிட்டுக் கீழே போய்க் கேட்டேன்.

"பரிமளம், மகன் வீட்டுக்கு என்னோடை வாறியோ? ரெண்டு பேருமா இருப்பம்."

அவள் யோசிக்கக்கூட இல்லை. "ஏலாது. என்ரை மெசின் இஞ்சை. எனக்கு ஊசி குத்துற பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு நரம்பைக் கண்டுபிடிப்பாள். அங்கை போய்ப் புதிசா ஆரும் குத்திப் பழகட்டுமோ? வந்து இருபது வருசமாகுது, இந்த ரோட்டிலை ஒவ்வொரு கடைக்காரனுக்கும் என்ரை பேர் தெரியும். நான் ஓரிடமும் வரேல்லை. நீ போறதெண்டாப் போ, எனக்கு நீந்தத் தெரியும்" என்று கையை இரண்டுதரம் காற்றில் வீசி நீந்திக் காட்டினாள். ஊசி குத்தின கை, அவ்வளவுதான் உயர்ந்தது.

படி ஏறி வரும்போது பாதியில் நின்றுவிட்டேன். நான் கேட்டேன், அவள் இல்லை என்றாள். கேட்டால் அப்படி ஒன்று வரும். உன் அப்பா ஏன் கேட்கவில்லை என்று இத்தனை வருசத்துக்குப் பிறகு அந்தப் படியில் நின்றபோதுதான் எனக்கு விளங்கியது. நான் பயப்படுவேன் என்று அவர் சொன்னது பொய். நான் மாட்டேன் என்று சொல்லிவிடுவேனோ என்று அவர்தான் பயந்தார். நீயும் அதுதான். பிறசர் ஏறும் என்பதெல்லாம் சும்மா. அந்தக் கிழவனும் அப்படித்தான் இருந்திருப்பான், பாவம். நூறு வருசம் மரத்தை இழைப்பது அவனுக்குச் சுகம், ஒருநாள் வீட்டுக்குள் போய் அவளோடு கதைப்பது கஷ்டம்.

ஒரு புத்தி மட்டும் சொல்கிறேன், கேட்டால் கேள். அந்த அறைக்கு நான் வருவதைப் பற்றி வாணியிடம் கேட்டாயா, அல்லது அவளுக்கும் அறிவித்தல் மட்டும்தானா? நீல நிறத்தை யார் தெரிவு செய்தது? நீ நல்லவன் என்பதால் கேட்கத் தேவையில்லை என்று நினைத்துவிடாதே. நல்லவர்களின் வீட்டில்தான் பெண்சாதிகளுக்குக் கடைசியில் தெரியவருகிறது. கெட்டவனிடம் என்றால் அவள் முதலே கண்ணை விழித்துக்கொண்டு இருப்பாளே.

எனக்குக் களைப்பாக இருக்கிறது, ராசா. இரண்டு நாட்டில் வீடு நடத்தி, ஒரு வீட்டைச் சொல்லாமல் விட்டு வந்து, இன்னொன்றில் உன் அப்பாவை அனுப்பிவைத்து, இப்போது ஒரு பெட்டியைக்கூட மடிக்க என்னால் ஏலாது. கடைக்காரப் பிள்ளையிடம் பிஸ்கற் பெட்டிகளை வேறு யாருக்கும் கொடுக்கச் சொல்லிவிட்டேன். முருங்கைக்காயும் வாங்கி வந்துவிட்டேன்.

வருகிற கிழமைச் சனிக்கிழமை வானைக் கொண்டு வராதே. ரயிலில் வா, வாணியையும் கூட்டிக்கொண்டு வா. முருங்கைக்காய்க் குழம்பு வைக்கிறேன். சாப்பிட்ட பிறகு, கையைக் கழுவிக்கொண்டு வந்து என் முன்னால் இரு. "அம்மா, எங்களோடை வந்து இருக்கிறியளோ?" என்று உன் வாயால் ஒருதரம் கேள். என்னை இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. நான் மாட்டேன் என்றுதான் சொல்லப்போகிறேன். அது தெரிந்துகொண்டும் வந்து கேள், மகன்.

உன் அம்மா